மலைத் தோட்டத்து பிக்கப்புக்கு இரண்டாவது ஸ்டெப்னியா, பஞ்சர் கிட்டா, டியூபா?

பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் மழையைப் பேசுவோம், அடுத்து விலையைப் பேசுவோம், மூன்றாவதாக டயர் வந்துவிடும். சமீபத்தில் மூன்று பேர் என்னிடம் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் எடுத்தாச்சுண்ணே. இன்னொரு ஸ்டெப்னி வாங்கிப் பின்னாடி போட்டுக்கவா, இல்ல பஞ்சர் கிட்டும் காத்தடிக்கிற மெஷினும் இருந்தா போதுமா?" நான்காவதாகக் கேட்டவர் ராமநாதபுரத்துக்காரர். அவர் ஊரில் கல் கிடையாது, சீமைக் கருவேல முள்தான்.

நாலு பேருக்கும் ஒரே பதில் பொருந்தாது. ஆனால் அளக்க வேண்டிய அளவுகோல் ஒன்றுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

## எதை வைத்து அளப்பது?

டயரில் காயம் எங்கே? மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். தரையைத் தொடும் பட்டன் பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் இருக்கின்றன. அங்கே ஆணி ஏறினால், துளை 6 மி.மீ.க்குள் இருக்கும்வரை அடைத்து ஓட்டலாம். டயரின் பக்கவாட்டுச் சுவரான சைடுவாலில் அந்தப் பட்டை கிடையாது. துணி நூலும் ரப்பரும்தான். சக்கரம் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் அது மடங்கி நிமிர்கிறது. அங்கே எதை வைத்து அடைத்தாலும் மடிப்பு அதைத் தள்ளிவிடும். பட்டனும் சைடும் சேரும் தோள் பகுதியும் இந்தக் கணக்கில்தான் வரும்.

வழியில் நம் கையாலேயே முடியுமா? டயர் கழற்றும் மெஷினும் பேலன்ஸிங்கும் உள்ள கடை என்றால் நாங்கள் மலையடிவாரத்து வத்தலகுண்டுக்குத்தான் இறங்குவோம். போன் சிக்னல் இல்லாத சரிவில், மழையில், இருட்டும் நேரத்தில் எது நடக்கும் என்பதே கணக்கு.

எடையும் இடமும். 235/75 ஆர்15 டயர் அளவில், இரும்பு டிஸ்க்கோடு (டயர் மாட்டும் ரிம்) ஒரு சக்கரம் 25 கிலோ பக்கம் வரும். பிக்கப்பில் அது ஒரு மூட்டையின் இடத்தையும் பிடிக்கும்.

பிறகு வரும் செலவு. வாங்கும் விலையைவிட, பழுது பார்த்த டயர் இன்னும் எத்தனை கிலோமீட்டர் உழைக்கும், சும்மா தொங்கும் டயர் எத்தனை வருடத்தில் வீணாகும் என்பவைதான் உண்மையான செலவு.

## அந்த ஐப்பசி சாயங்காலம்

அளவுகோல் எனக்கு ஏட்டில் கிடைத்ததில்லை. மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டு கீழ்த் தோட்டத்திலிருந்து மேலே வந்துகொண்டிருந்தோம். இடது பின் சக்கரம் ஓடைக் கல்லின் விளிம்பில் உரசியது. உரசிய சத்தம் கூடப் பெரிதாக இல்லை. அடுத்த நொடி நீளமாக ஒரு மூச்சு, வண்டி ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. நான் கிட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். டிரைவர் அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்தார். சைடுவாலில் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழிசல், உள்ளே நூல் தெரிந்தது. "தம்பி, இது திரிக்கு அடங்காது" என்றார். கிட்டில் துளையை அடைக்க இருக்கும் ரப்பர் திரியைத்தான் சொன்னார்.

சரி, ஸ்டெப்னி இருக்கிறதே. சுமை ஏற்றும் ட்ரேக்கு அடியில் அதைத் தாங்கும் சங்கிலியில் சேறு ஏறித் துருப்பிடித்திருந்தது. இறக்கவே முக்கால் மணி நேரம். இறங்கிய ஸ்டெப்னியில் காற்று 12 பிஎஸ்ஐ, இருக்க வேண்டியதில் பாதி கூட இல்லை. ஜாக்கி ஈர மண்ணில் இறங்கியது, மூட்டைக்கு அடியில் போட்டிருந்த பலகையை உருவி ஜாக்கிக்குக் கொடுத்தோம். கம்ப்ரசர் மட்டும் இல்லையென்றால் அந்த ஸ்டெப்னியை மாட்டியும் பயனில்லை. அன்றைக்குக் கிட் மட்டும் இருந்தாலும் வீடு வந்திருக்க மாட்டோம், ஸ்டெப்னி மட்டும் இருந்தாலும் வந்திருக்க மாட்டோம்.

## வழி 1: ஒரே ஸ்டெப்னி, பஞ்சருக்குக் கடை

பெரும்பாலானோர் இருக்கும் நிலை இது. இதில் பலம் என்னவென்றால், காயம் எங்கே இருந்தாலும் சக்கரத்தை மாற்றிவிடலாம். பலவீனம், ஒரு தடவைதான். முதல் பஞ்சருக்கும் கடை வந்து சேருவதற்கும் நடுவில் இரண்டாவது வந்தால் நடக்க வேண்டியதுதான். தோட்டத்துப் பாதையில் ஒரே கல் முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் கிழிப்பது அபூர்வமில்லை, இரண்டும் ஒரே தடத்தில்தானே வருகின்றன.

ஸ்டெப்னி என்ற சொல்லே ஒரு தெருவின் பெயர். 1904-ல் வேல்ஸ் நாட்டின் லனெத்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் காற்றடித்த டயரோடு ஆரமில்லாத ஒரு வளையம் செய்தார்கள். பஞ்சரான சக்கரத்தின் மேலேயே அதைக் கவ்வ வைத்து ஓட்டுவார்கள். அந்த ஊரில் சொல் மறைந்துவிட்டது, நம் பஞ்சர் கடைகளில் நிலைத்துவிட்டது.

இந்த வழியில் பலர் பார்க்காத செலவு டயரின் வயது. சைடுவாலில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரம். ஓடாத டயரும் வெயிலிலும் சேற்றிலும் வயதாகிறது. ஐந்தாறு வருடம் தாண்டிய ஸ்டெப்னியின் பட்டன் புதுசாகவே தெரியும், சைடில் மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கும். அதை நம்பிச் சுமை ஏற்றக் கூடாது.

எப்போது இதுவே போதும்: தார் ரோடு, பஞ்சாயத்துச் சாலை, கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் யாராவது வந்துவிடும் தூரம்.

## வழி 2: பஞ்சர் கிட்டும் கம்ப்ரசரும்

ரப்பர் திரி, துளையைச் சீராக்கும் ஊசி, திரி கோக்கும் ஊசி, பசை, கட்டிங் பிளேயர். சில நூறு ரூபாய்தான். இதைச் செய்யும் முறையில் கவனம் வேண்டும், அவசரத்தில் எல்லோரும் தவறுவது இங்கேதான்.

ஆணியைப் பார்த்ததும் பிடுங்காதீர்கள். முதலில் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, திரியைப் பசை தொட்டு ஊசியில் கோத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆணி எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பாருங்கள், ஊசியும் அதே சாய்வில்தான் போக வேண்டும். நேராகக் குத்தினால் புதிதாக இன்னொரு துளை போட்டதாகிவிடும். திரி பாதிக்கு மேல் உள்ளே போனதும் ஊசியை வெடுக்கென்று இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் திரியும் கூடவே வரும். வெளியே நீட்டியிருப்பதைக் கொஞ்சம் விட்டு நறுக்கி, எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள். குமிழ் வரக் கூடாது.

பழகினால் பத்து நிமிட வேலை. சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். சரிவில் ஜாக்கி போடும் ஆபத்தும் இல்லை. என் கண்ணில் இதன் பெரிய லாபம் அதுதான்.

மறைந்த செலவு இரண்டு. ஒன்று, துளைக்கும் ஊசி எஃகுப் பட்டையின் இழைகளை அறுக்கிறது. அந்த வழியாக ஈரம் புகுந்தால் உள்ளே துரு. ஆகவே திரியை முதலுதவியாகத்தான் எண்ண வேண்டும், ஊருக்கு வந்ததும் டயரைக் கழற்றி உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் (காளான் வடிவ ஒட்டு) போட்டுவிட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை மலை இறங்கும் வண்டிக்கு நான் இதைத் தவறவிடுவதில்லை. இரண்டாவது, கம்ப்ரசர். கார் சாக்கெட்டில் சொருகும் விளையாட்டுப் பொருள் போன்றவை பிக்கப் டயருக்கு முன் திணறும், சாக்கெட் ஃபியூஸும் போகும். பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் வகையை வாங்குங்கள், எஞ்சின் ஓடும்போது பயன்படுத்துங்கள்.

அந்தக் கம்ப்ரசர் வெறும் பஞ்சருக்கு மட்டும் என்று நினைத்தால் பாதிப் பலனை இழக்கிறீர்கள். தார் ரோட்டில் 32-35 பிஎஸ்ஐ-யில் ஓடும் டயரைக் கல் பாதையில் வெற்று வண்டிக்கு 24 பக்கம் குறைத்தால், டயர் கல்லின் மேல் மடங்கிப் படிந்து போகும். குத்தும் அடி குறையும், பிடிப்பு கூடும். ஆனால் காற்று குறைந்த டயரின் சைடு பக்கவாட்டில் பிதுங்கும். ஓடைக் கல் நீட்டிக்கொண்டிருக்கும் குறுகிய பாதையில் அது கிழிசலுக்கு நாமே நீட்டிக் கொடுப்பது போல. சுமை ஏற்றிய பின் சக்கரத்தில் நான் குறைப்பதே இல்லை. தார் ரோட்டுக்கு ஏறியதும் மறுபடி அடித்துவிட வேண்டும், காற்றில்லாமல் ஓட்டினால் டயர் சூடேறி உள்ளே நூல் நைந்துவிடும்.

ஒரு சின்னச் சந்தேகத்தையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். கீழே காற்றடித்து மேலே போனால் காற்று கூடுமா, குறையுமா? வத்தலகுண்டுக்கும் தாண்டிக்குடிக்கும் சுமார் 1,000 மீட்டர் உயர வித்தியாசம். உயரத்தால் காற்றளவு காட்டும் மீட்டரில் ஒன்றரை பிஎஸ்ஐ கூடும், குளிரால் கிட்டத்தட்ட அவ்வளவே குறையும். ஒன்றுக்கொன்று சரியாகிவிடும்.

"இப்போ வர்ற வண்டியில ஸ்டெப்னியே இல்லையே, கிட் போதும்னுதானே அர்த்தம்?" என்று கேட்கிறார்கள். 2020 அக்டோபர் முதல், டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் காட்டும் சென்சாரும் ரிப்பேர் கிட்டும் இருந்தால் 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் வாகனங்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று விதி தளர்ந்தது உண்மை. நகரத்துக் காருக்கு அது நியாயம். ஓடைக் கல்லுக்கு அந்த விதி தெரியாது.

எப்போது இதுவே நல்லது: ஆணி, முள், கம்பித் துண்டு ஏறும் இடங்கள். வாரத்துக்கு இரண்டு பஞ்சர் பார்க்கும் வண்டிகள். ஆனால் ஸ்டெப்னிக்குத் துணையாக, அதற்குப் பதிலாக வேண்டாம்.

## வழி 3: இரண்டாவது ஸ்டெப்னி

கேட்கும்போதே தைரியம் தரும். சைடுவால் இரண்டு கிழிந்தாலும் வீடு வரலாம். ஆளில்லாத இடத்துக்குத் தனி வண்டியாக நாள் கணக்கில் போகிறவர்களுக்கு, லடாக், ஸ்பிதி பக்கம் போகும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு, இது ஆடம்பரமில்லை.

தோட்டத்து வண்டிக்கு என்றால் யோசிக்க வேண்டும். டயர், டிஸ்க், கட்டி வைக்க ஸ்டாண்டு என மூன்று செலவு. தினமும் 25 கிலோ சும்மா சுமக்கிறீர்கள். சரியாகக் கட்டாத சக்கரம் மேட்டில் உருண்டால் பின்னால் உட்கார்ந்து வரும் ஆட்களின் காலில்தான் விழும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், நல்ல வேளையாகக் காயம் சின்னது. எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் ஸ்டெப்னியையே மற்ற டயர்களோடு இடம் மாற்றி ஓட்டும் சுழற்சியில் விடாதவர் இரண்டாவதை நிச்சயம் விட மாட்டார். ஆறு வருடத்தில் ஓடாத டயர் இரண்டு கிழமாகி நிற்கும்.

## வழி 4: டியூப் போட்டுக்கொள்வது

பழைய ஜீப் ஓட்டியவர்கள் இதைத்தான் சொல்வார்கள், அதில் அனுபவம் இருக்கிறது. இரும்பு டிஸ்க் கல்லில் அடிபட்டு வளைந்தால் டியூப்லெஸ் டயர் விளிம்பில் காற்றை விடும். டியூப் போட்டால் நிற்கும். கிழிந்த சைடுவாலுக்கும், பழைய டயர்த் துண்டு ஒன்றை உள்ளே வைத்து டியூப் போட்டு ஊர்ந்து ஊர் வந்து சேரலாம். அலாய் வீல் அடிபட்டால் வெடிப்பு விடும். அங்கே டியூப் உதவினாலும் அந்தச் சக்கரத்தை நம்பக் கூடாது.

நிரந்தரமாகப் போடுவது வேறு விஷயம். டியூப்லெஸ் டயரின் உள்பக்கம் டியூபுக்காகச் செய்யப்பட்டதில்லை. சொரசொரப்பில் டியூப் உரசிச் சூடாகும். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் மெதுவாகக் கசியும், நமக்கு நேரம் கிடைக்கும். டியூப் ஒரேயடியாகக் காற்றை விடும், கொண்டை ஊசி வளைவில் அது உயிர் சம்பந்தப்பட்டது. ஆகவே சீட்டுக்கு அடியில் ஒரு டியூப் இருக்கட்டும், சரியான அளவிலும் வால்வு உங்கள் டிஸ்க் ஓட்டைக்குப் பொருந்துவதாகவும். டயர் லீவர் இரண்டும் வேண்டும்.

## வழி 5: சீலன்ட் திரவம்

சிறு துளைகளைத் தானாக அடைக்கும். வருடங்கள் போனால் உள்ளே காய்ந்துவிடும், வால்வை அடைக்கும், சென்சாரில் ஒட்டும், பேட்ச் போடும் கடைக்காரர் உள்ளே துடைத்துத் துடைத்து நொந்துபோவார். சைடு கிழிசலுக்கு உதவவே உதவாது. மலைக்கு நான் ஊற்றுவதில்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பட்டனில் ஆணி | சைடு கிழிசல் | வளைந்த டிஸ்க் | ஆகும் நேரம் | பிறகு வரும் செலவு |
|---|---|---|---|---|---|
| ஒரு ஸ்டெப்னி | முடியும், ஒரு தடவை | முடியும், ஒரு தடவை | முடியும், ஒரு தடவை | அரை மணி முதல் | சுழற்றாவிட்டால் ஒரு டயர் வீண் |
| கிட், கம்ப்ரசர் | முடியும், பல தடவை | முடியாது | பெரும்பாலும் முடியாது | 10-15 நிமிடம் | உள்பேட்ச் |
| இரண்டாவது ஸ்டெப்னி | முடியும் | இரண்டு தடவை | இரண்டு தடவை | அரை மணி முதல் | டயர், டிஸ்க், ஸ்டாண்டு, எடை |
| அவசர டியூப் | முடியும் | மெதுவாக ஊர்ந்து | முடியும் | ஒரு மணிக்கு மேல், உடல் வலி | டியூப், லீவர் |
| சீலன்ட் | சிறு துளை மட்டும் | முடியாது | முடியாது | உடனே | துடைக்கும் வேலை, சென்சார் |

## தேய்மானத்தைக் கவனித்தால் பாதிப் பிரச்சினை போகும்

பட்டன் தேயத் தேய ஆணிக்கும் காற்றுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குறைகிறது. பஞ்சர் அடிக்கடி வர ஆரம்பித்தால் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் பட்டன் ஆழத்தைப் பாருங்கள். பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு 1.6 மி.மீ. எல்லையைக் காட்டும். அதோடு பட்டன் சமமானால் சட்டப்படியே டயரை மாற்ற வேண்டும். சேற்றுப் பாதைக்கு நான் 4 மி.மீ.யிலேயே மாற்றிவிடுகிறேன்.

நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். பிக்கப்பில் இது பின் சக்கரத்தில் சகஜம், சுமைக்கு அடித்த காற்றோடு வெறும் வண்டியை ஓட்டுவதால். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மெண்ட். முன் டயரின் தோள்கள் சீக்கிரம் போவதற்குக் கொண்டை ஊசி வளைவுகளும் காரணம். முழுக்க அலைன்மெண்டைக் குறை சொல்ல முடியாது.

இப்போது முக்கியமான கணக்கு. நான்கு டயர் 40,000 கிலோமீட்டர் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் சுழற்றினால், ஐந்தும் சேர்ந்து 50,000 ஓடும். ஐந்தாவது டயருக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் முழுதும் ஓட்டத்தில் திரும்பிவிடுகிறது. சுழற்றாவிட்டால் அது வயதாகித் தூக்கி எறியப்படும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் வண்டிக்கு இன்னொரு காரணம் உண்டு. புது ஸ்டெப்னியில் பட்டன் 10 மி.மீ., ஓடிய டயரில் 4 மி.மீ. என்றால் விட்டத்தில் 12 மி.மீ. வித்தியாசம். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாது. ஃபோர் வீல் போட்டுக் கெட்டித் தரையில் ஓட்டினால் அந்த வித்தியாசத்தை, சக்கரங்களுக்கு எஞ்சின் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் டிஃபரென்ஷியலும்தான் தாங்க வேண்டும். அவற்றின் பழுதுச் செலவில் ஒரு செட் டயர் வாங்கிவிடலாம்.

8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை நான் செய்வது: பின் இரண்டும் நேராக முன்னுக்கு. முன் வலது பின் இடதுக்கு. முன் இடது ஸ்டெப்னி இடத்துக்கு. ஸ்டெப்னி பின் வலதுக்கு. ஒரே திசையில் மட்டும் சுற்ற வேண்டிய அம்புக்குறி டயருக்கு இது பொருந்தாது. மாட்டி 50-100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். இந்தச் சுழற்சியால் ஸ்டெப்னி சங்கிலியும் வருடத்துக்குப் பலமுறை இறங்கி ஏறும், கிரீஸ் பார்க்கும். அந்த ஐப்பசியின் முக்கால் மணி நேரம் எனக்கு மறுபடி வரவில்லை.

## யார் எதை எடுப்பது?

மலைத் தோட்டத்துக்கு என் முடிவு: சுழற்சியில் இருக்கும் ஒரு முழு அளவு ஸ்டெப்னி, கிட், பேட்டரியில் மாட்டும் கம்ப்ரசர், அவசரத்துக்கு ஒரு டியூப், ஜாக்கிக்கு ஒரு கெட்டிப் பலகை, சக்கரத்துக்குக் கொடுக்க இரண்டு கட்டை. இரண்டாவது ஸ்டெப்னிக்கு ஆகும் பணம் இருந்தால் அதைச் சைடுவால் கனமான ஆல் டெரெய்ன் (தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான) டயருக்குப் போடுவேன். சேற்றுக்கென்றே வரும் மட் டெரெய்ன் டயர் சேற்றில் நன்றாக இழுக்கும். ஆனால் எங்கள் ஓட்டத்தில் பாதி தார் ரோடு, அங்கே அது சீக்கிரம் கரையும்.

ராமநாதபுரத்து அண்ணனுக்குப் பதில் வேறு. கருவேல முள் ஒன்றாக வராது. ஒரே டயரில் ஏழெட்டு ஏறி நுனி உள்ளே முறிந்து நிற்கும், காற்று இரவோடு இரவாக இறங்கும். டியூப் அங்கே எதிரி, முறிந்த நுனி ஒவ்வொன்றும் அதைக் குத்திக்கொண்டே இருக்கும். கிட் நிறையத் திரியோடு, கம்ப்ரசர், பழைய டயராக இருந்தால் சீலன்ட் கூடச் சரி. காட்டில் நிற்கும்போது முள்ளைப் பிடுங்க வேண்டாம், அதுவே பாதித் துளையை அடைத்திருக்கிறது. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக எடுக்கலாம்.

இங்கே கேட்ட மூவரில் ஒருவர் இரண்டாவது ஸ்டெப்னிக்குப் பணத்தோடு கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "இருக்கிற ஸ்டெப்னிய முதல்ல கீழ இறக்குங்க" என்றேன். அரை மணி நேரம் கழித்துச் சேறு துடைத்துப் படித்தோம்: 215/75 ஆர்15. வண்டியில் ஓடுபவை 235/75 ஆர்15. விட்டத்தில் 30 மி.மீ. குறைவு. பழைய வண்டியாக வாங்கியபோதே அப்படித்தான் வந்திருக்கிறது, இரண்டு வருடமாக யாரும் பார்க்கவில்லை. அந்தப் பணத்தில் சரியான அளவு டயர் ஒன்றை வாங்கி, பழைய டிஸ்க்கிலேயே மாட்டி, மிச்சத்தில் கம்ப்ரசர் வாங்கிக்கொண்டு அன்றே மலை ஏறினார்.